பொன்னியின் வயிற்று நோவும் என் ஆங்கிலமும்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று வாலிப வயதில் நான் சொல்லிக்கொண்டு திரிந்தது முழுப் பொய் அல்ல. வாசிப்பேன், எழுதுவேன். எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துப் பாதிரியார் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கையையும் ஆட்டிப் பேசினால் விளங்கும். வேறு எந்த வெள்ளைக்காரர் வாயைத் திறந்தாலும் விளங்காது. இதை வெளியே சொல்ல எனக்கு முப்பது வருடம் பிடித்திருக்கிறது.

விளங்காத இடத்தில் "எஸ் சேர்" என்று சொல்லிவிடுவேன். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்தேன்; ஒரு ஆஸ்பத்திரியில் பதினெட்டு மாதம் மருந்து கலக்கவும் புண் கட்டவும் பழகினேன்; வத்தேகமவுக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் மருந்துக்காரனாக வேலையும் எடுத்தேன். (வேலைக்கு எடுக்கும்போது துரை என்னிடம் என்ன கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏழு முறை "எஸ் சேர்" சொன்னேன். வேலை கிடைத்தது.)

இன்று அந்த மலைகளில் தேயிலை நிற்கிறது. அன்று கண்ணுக்கெட்டிய தூரம் கோப்பி. என் பெயர் செல்லத்துரை. தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு துரை இருந்ததால் என்னை அப்படிக் கூப்பிட எவருக்கும் நா எழவில்லை. "மருந்தையா" என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. வயது இருபத்திரண்டு. கறுப்புக் கோட்டு ஒன்று, காதில் வைத்து நெஞ்சுச் சத்தம் கேட்கும் மரக்குழல் ஒன்று, கண்ணாடிப் போத்தல்கள் அடுக்கிய மருந்துப் பெட்டி ஒன்று. இவற்றோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு நடுவே நான் நடக்கும்போது, கண்டிச் சீமையின் பெரிய டாக்டரே நடந்து வருவதாக எனக்கு நினைப்பு.

நான் வந்த ஒன்பதாம் நாள் காலை அது நடந்தது.

ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து, எல்லாரும் கூடைகளோடு மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். கறுப்பையா கங்காணி மூச்சிரைக்க வந்து என் அறை வாசலில் நின்றார்.

"மருந்தையா, தொரை கையோட கூட்டியாரச் சொன்னாருங்க. பொன்னிக்கு விடியக்காலையில பேறு ஆயிருச்சு. ஆனா வயித்து நோவு நிக்கலைங்க. ரொம்பத் துடிக்குது."

பொன்னி யார் என்று நான் கேட்கவில்லை. தோட்டத்தில் எப்படியும் பத்துப் பொன்னிகளாவது இருப்பார்கள். பெயர்களும் முகங்களும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் பேற்றுக்குப் பிந்திய வயிற்று நோவு பற்றி என் குறிப்புப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. அதை மனப்பாடம் செய்திருந்தேன்.

"பயப்பட ஒண்டுமில்லை கங்காணியார். இப்பிடி நூறு பாத்திருக்கிறன்," என்றேன்.

(பார்த்தது இரண்டு. இரண்டிலும் அறைக்கு வெளியே நின்று வெந்நீர் கொடுத்தேன்.)

"நூறாங்க!" என்று வாயைப் பிளந்த கறுப்பையா, எனக்கு முன்னால் ஓடிப்போய்த் துரையிடம் அதைச் சொல்லியும் விட்டார்.

துரை பங்களா வாசலில் காலில் சப்பாத்தும் தலையில் தொப்பியுமாக, பயணத்துக்குத் தயாராக நின்றார். ஸ்கொட்லாந்துக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், செம்பட்டை மீசை. கண்கள் சிவந்திருந்தன. ஒரு தொழிலாளிப் பெண்ணின் பிள்ளைப்பேற்றுக்காக இவ்வளவு கலங்கும் துரையை நான் கேள்விப்பட்டதே இல்லை. மனம் நெகிழ்ந்துபோனேன். அவர் படபடவென்று ஏதோ சொன்னார். தகப்பன், கண்டி, கர்னல் என்ற மூன்று சொற்கள் மட்டும் என் காதில் தங்கின. பிள்ளையின் தகப்பன் கண்டியில் இருக்கும் ஒரு கர்னலா! எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இப்படிப்பட்ட சங்கதியை என்னை நம்பிச் சொல்கிறாரே என்று, எங்கள் பாதிரியார் சாவு வீட்டில் வைத்திருக்கும் முகத்தை நானும் வைத்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"எஸ் சேர்," என்றேன்.

என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பக்கத்துத் தோட்டத்தில் இரவல் வாங்கியிருந்த மட்டக்குதிரையில் ஏறிக் கண்டிப் பக்கம் போய்விட்டார். சொந்தக் குதிரை இருக்க இவர் ஏன் இரவல் குதிரையில் போகிறார் என்று யோசிக்கும் அளவுக்கு எனக்கு அன்று மூளை இருக்கவில்லை.

கங்காணி என்னை லயத்துக்குக் கூட்டிப்போகவில்லை. லாயத்துக்குக் கூட்டிப்போனார்.

உள்ளே வைக்கோல் மேல் ஒரு பெரிய செந்நிறக் குதிரை படுத்துக் கிடந்தது. உடம்பெல்லாம் வியர்வை. பக்கத்தில் கறுப்புக் குட்டி ஒன்று, நாலு காலையும் எந்தப் பக்கம் ஊன்றுவது என்று தெரியாமல் ஆடிக்கொண்டு நின்றது.

"பொன்னி எங்கை?" என்றேன்.

"இதாங்க பொன்னி," என்றார் கறுப்பையா.

துரை வைத்த பெயர் 'பொனி'. அவருடைய ஊர்ப் பேச்சில் அழகி என்று அர்த்தமாம். தோட்டத்து வாயில் அது பொன்னியாகிவிட்டது. கர்னல் விஷயமும் அப்படித்தான். குட்டியின் தகப்பன் கர்னலுடைய ஆண் குதிரை.

குதிரையின் தலைமாட்டில் ஒரு பெண் குந்தியிருந்தாள். என் வயதுதான் இருக்கும். பெயர் அஞ்சலை. குதிரைக்காரன் காத்தமுத்துவின் மனைவி. அவளிடமும் கறுப்பையா எனக்கு முன்னால் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். காத்தமுத்து மூன்று நாளாகக் காய்ச்சலில் என் மருந்தறைக் கட்டிலில் கிடந்தான். அதனால் அவள் குதிரையைப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய கைக்குழந்தை, லாயத்து விட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க மருந்தையா," என்றாள். "நூறு பாத்திருக்கீங்களாமே. கங்காணி சொன்ன பொறவுதாங்க எனக்கு உசிரே வந்துச்சு."

உண்மையைச் சொல்ல நல்ல இடம் அது. வாயைத் திறந்தேன்.

"கண்டியிலேருந்து குதிரை டாக்டரக் கூட்டியாரட்டுமான்னு தொரை கேட்டாராம். வேணாம்னுட்டீங்களாம்," என்றாள் அவள்.

"நானோ?"

"இப்பத்தானங்க," என்றார் கறுப்பையா. "டாக்டர் வேண்டியதில்லதானேன்னு கேட்டாரு. எஸ் சேர்னீங்க." (துரையின் ஆங்கிலம் பள்ளிக்கூட வாசலே மிதிக்காத கறுப்பையாவுக்கு என்னைவிட நன்றாக விளங்கும். இந்த அவமானத்தை நான் அன்றே பதிவு செய்துகொண்டேன். பிறகு வந்த அவமானங்களின் நடுவே அது சிறுத்துப்போய்விட்டது.)

திறந்த வாயை மூடிக்கொண்டேன். கறுப்பையா மலைக்குப் போய்விட்டார். நானும் அஞ்சலையும் குதிரையும் குட்டியும் தொட்டில் குழந்தையும் மிஞ்சினோம். அந்த ஐந்து பேரில் குதிரையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவன் நான் ஒருவன்தான்.

சோதனையைத் தொடங்கினேன். முதலில் நாடி. குதிரைக்கு நாடி எங்கே? முன்னங்காலைப் பிடித்துப் பார்த்தேன். பொன்னி அந்தக் காலை இழுத்துக்கொண்டது. அடுத்து நாக்கு. ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் என்னையறியாமல் சொல்லிவிட்டேன்:

"நாக்கை நீட்டுங்கோ."

அஞ்சலை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பொன்னியும் பார்த்தது. (யாழ்ப்பாணத்து மரியாதை. குதிரையானாலும் முதல் சந்திப்பில் ஒருமையில் பேச வராது.)

பிறகு மரக்குழலை அதன் வயிற்றில் வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அமைதியாக இருந்தது.

"வயித்துக்குள்ளை அமைதியாய் இருக்குது," என்று நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னேன்.

அஞ்சலையின் முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயோ. குதிரை வயிறு எப்பவும் இரைஞ்சிக்கிட்டே இருக்கணுங்களே. சத்தம் இல்லேன்னா கொடல் நின்னுபோச்சுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு."

குழலை மெல்லக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவளிடமே மெதுவாக விசாரித்தேன். நஞ்சுக்கொடி முழுசாக விழுந்துவிட்டது. இரத்தப் போக்கு அதிகமில்லை. ஆனால் குட்டி போடுவதற்கு முன்பிருந்தே லத்தி போடவில்லை. குட்டி போட்ட நோவில் முக்கப் பயந்து அடக்கிக்கொண்டிருக்கிறது என்பது அவளுடைய எண்ணம். எழுந்து நிற்கும், காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் தன் விலாவையே பார்க்கும், பிறகு தொப்பென்று விழுந்து உருளும். அது உருளும்போதெல்லாம் அஞ்சலை குட்டியை ஒரு கையால் அணைத்து மூலைக்கு இழுத்தாள். நான் மருந்துப் பெட்டியை அணைத்து இன்னொரு மூலைக்குப் போனேன்.

விளக்கெண்ணெய் கொடுப்பதென்று தீர்மானித்தேன். மனிதனுக்கு ஒரு அவுன்ஸ். குதிரைக்கு?

"இதை எத்தினை ஆளெண்டு சொல்லலாம்?" என்று அஞ்சலையிடம் கேட்டேன்.

அவள் குதிரையை மேலும் கீழும் பார்த்தாள். "பத்தாளு இருக்குங்களா?"

"பன்னிரண்டு," என்றேன், எண்ணிப் பார்த்தவன் போல.

தோட்டத்தில் இருந்த எண்ணெய் முழுவதையும் ஒரு போத்தலில் ஊற்றினேன். அஞ்சலை பொன்னியை எழுப்பித் தலையைப் பிடித்தாள். நான் கடைவாயில் போத்தலைச் செருகிக் கவிழ்த்தேன்.

"மெதுவாங்க, மெதுவா! முழுங்க விடுங்க! மூச்சுக் கொழாயில போயிருச்சுன்னா அதுலயே செத்துரும்!"

பாதி உள்ளே போனது. மீதியைப் பொன்னி ஒரு தும்மலில் என்னிடமே திருப்பித் தந்தது. தலைமயிர், கண் இமை, கோட்டுப் பை, குறிப்புப் புத்தகம், எல்லாம் எண்ணெய். அந்தக் கோட்டு பிறகு எத்தனை சலவை கண்டும் மழைக்காலத்தில் ஈரத்தை உள்ளே விட்டதில்லை.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பொன்னியின் வாலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் நான் எதையும், எவரையும் அவ்வளவு ஆசையோடு பார்த்துக் காத்து நின்றதில்லை. என் மனைவிக்கும் இது தெரியும். ஒன்றும் வரவில்லை. நோவுதான் கூடியது.

என்னிடம் அபின் கரைசல் இருந்தது. எந்த நோவையும் நிறுத்தும் என்று படித்திருந்தேன். போத்தலைக் கையில் எடுத்ததும் அஞ்சலை குறுக்கே வந்து நின்றாள்.

"அது அபினிங்களா? வேணாங்க மருந்தையா. நோவு நிக்கும். கொடலும் சேந்து நின்னுரும். அப்புறம் லத்தி எங்கேயிருந்து வரும்?"

அவள் சொன்னது சரி. ஒன்றரைப் பக்கக் குறிப்பிலும் மூன்றாம் வரியில் அதேதான் இருந்தது. ஆனால் எண்ணெயில் குளித்து நிற்பவனுக்குக் கௌரவம் ஒன்றுதான் மிச்சம்.

"வைத்தியம் படிச்சது நானோ நீரோ?" என்று சத்தம் போட்டேன்.

அந்தச் சத்தத்தில் தொட்டில் குழந்தை விழித்து அழுதது. குட்டி மிரண்டு ஓடி என் காலில் இடித்தது. நான் தடுமாறிப் போத்தலைப் பெட்டி மேல் வைத்து விலகினேன். பொன்னி அதே நேரம் முழங்கால் மடித்து விழுந்து, பெட்டியின் மேலேயே ஒரு முறை முழுசாகப் புரண்டது. நல்லவேளை, பெட்டி தடித்த பலகை. கண்ணாடி ஒன்றும் குதிரையைக் குத்தவில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். அபின், கொயினா, பேதி உப்பு, புண்ணுக்குப் போடும் கறுப்பு மருந்து எல்லாம் ஒன்றாகி, சேறாகிக் கிடந்தன. அன்று நான் செய்த வைத்தியங்களில் உயிரைக் காப்பாற்றியது இது ஒன்றுதான் என்று பிறகு அஞ்சலை சொன்னாள்.

மதியம் ஆனது. பொன்னி எழுவதை நிறுத்திவிட்டது. கழுத்தை நீட்டிப் படுத்துக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகியது. அந்த முனகல் அச்சு அசலாக மனிதருடையது. ஆஸ்பத்திரி வாசலில் வெந்நீரோடு நின்றபோது உள்ளேயிருந்து கேட்டதுபோலவே இருந்தது. பசித்த குட்டி தாயின் வயிற்றை முட்டிப் பார்த்தது. இடம் கிடைக்காமல் என்னிடம் வந்து என் கோட்டு நுனியை வாயில் வைத்துச் சப்பியது. விளக்கெண்ணெய்க் கசப்பில் முகத்தைச் சுளித்தது. மறுபடியும் சப்பியது. என் கோட்டில் பால் இல்லை என்பதை அதற்கு எப்படிச் சொல்வது? நான் விலகாமல் நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அஞ்சலை படுத்திருந்த குதிரையின் மடியில் கை விட்டுச் சீம்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்து, விரலால் குட்டியின் வாயில் தடவினாள். பிறகு பொன்னியின் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"காது சில்லுன்னு ஆயிருச்சுங்க," என்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இனி என்னாங்க செய்யிறது மருந்தையா?"

அவளுடைய பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இன்னும் என்னை நம்பினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரு மருந்து எடுத்துக்கொண்டு வாறன்," என்றேன்.

நேரே நான் தங்கியிருந்த மருந்தறைக்குப் போனேன். கட்டிலில் கிடந்த காத்தமுத்து கண்ணைத் திறந்தான்.

"பொன்னி எப்படிங்க இருக்கு?"

"சுகமாய் இருக்குது. நீர் கண்ணை மூடிப் படும்."

என் தகரப் பெட்டியில் உடுப்புகளை அள்ளிப் போட்டேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கங்க பெட்டியோட?"

"மருந்து," என்றேன்.

தோட்டத்திலிருந்து கோப்பி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மீரான் நானாவின் மாட்டு வண்டி கண்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பெட்டியை மூட்டைகளுக்கு நடுவே செருகிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். ஆம், ஓடிப்போனேன். செத்துக்கொண்டிருந்த ஒரு குதிரையையும், பால் குடிக்கத் தெரியாத ஒரு குட்டியையும், கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணையும் விட்டுவிட்டு ஓடினேன். இந்த இடத்தில் சிரிப்பாக ஏதாவது எழுதலாம் என்று பல முறை முயன்றேன். வரவில்லை.

"மருந்தையா மேல என்ன இவ்வளவு எண்ண?" என்று கேட்டார் மீரான் நானா.

"வேலை, நானா."

"அல்லாஹ்வே, பொல்லாத வேலதான்," என்று மாட்டைத் தட்டினார்.

இரண்டு மைல் இறங்கியிருப்போம். ஒரு வளைவில் எதிரே மட்டக்குதிரை ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது. மேலே துரை. பொன்னியின் நினைப்பில் கண்டி வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். வண்டியில் என்னைக் கண்டதும் குதிரையை இழுத்து நிறுத்தினார். எண்ணெய் வழியும் என் தலையையும், அழுது வீங்கிய என் முகத்தையும் பார்த்தார். மிகவும் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதன் கடைசிச் சொல் "டீட்" என்பதுபோலக் கேட்டது. 'செய்து முடித்தாயா' என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"எஸ் சேர்," என்றேன்.

'டெட்' என்ற சொல் அவருடைய ஊர் வாயில் 'டீட்' ஆகுமாம்; செத்துவிட்டதா என்றுதான் கேட்டிருக்கிறார்.

துரை குதிரையை விட்டு இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். வீதியோரக் கல்லில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"என்னத்துக்கு தொர அழுறாரு?" என்று மீரான் நானா என் காதில் கேட்டார். "ஆரோ மவுத்தான மாதிரி அழுறாரே."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் காரணம் ஒன்று தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் கோப்பி இலைகளில் மஞ்சள் பொடி படியும் நோய் வந்திருந்தது. கண்டிக்குப் போய்வந்த துரைமார் பலர் இதே முகத்தோடுதான் திரும்பினார்கள். இதுவும் அதுதான் என்று முடிவு செய்தேன். அழும் மனிதரை அப்படியே விடக்கூடாது என்று, நல்ல ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாமல், பாதிரியாரைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்:

"கவலைப்படாதீர்கள் சேர். எரித்துவிட்டால் மற்றவற்றுக்குப் பரவாது. அந்தக் குழியிலேயே புதிதாக ஒன்றை நட்டுக்கொள்ளலாம்."

துரை கையை எடுத்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரு மனிதன் என்னைப் பார்த்ததில்லை.

பிறகு எழுந்து, தோட்டத்துப் பக்கம் விரலை நீட்டினார். நட, என்று அர்த்தம். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கினேன். பெட்டியைக் கேட்டால் ஓடிப்போனது தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. என் உடுப்புகள் எல்லாம் கோப்பியோடு கண்டிக்குப் போய்விட்டன. (மீரான் நானா ஏழு நாள் கழித்துத்தான் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். அந்த ஒரு கிழமையும் அதே எண்ணெய்க் கோட்டுத்தான்.)

தோட்ட எல்லையில் துரை கறுப்பையா கங்காணியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். நாலு பேர் மம்பட்டியோடு லாயத்தின் பின்புறம் ஓடினார்கள். கோப்பிச் செடியை எரிக்க லாயத்தின் பின்னால் ஏன் குழி தோண்டுகிறார்கள் என்று நான் வியந்துகொண்டே நடந்தேன்.

லாயத்து வாசலில் துரை நின்றுவிட்டார். உள்ளே போக அவருக்கு மனம் வரவில்லை; பின்புறம் மம்பட்டிச் சத்தம் ஓயும்வரை அங்கேயே நின்றார். தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெல்ல ஏதோ ஜெபம் சொன்னார்.

உள்ளேயிருந்து பொன்னி கனைத்தது.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தோம். பொன்னி நாலு காலில் நின்றது. குட்டி அதன் அடியில் நுழைந்து வாலை ஆட்டிக்கொண்டு சப்புச் சப்பென்று பால் குடித்துக்கொண்டிருந்தது. கவிழ்த்த வாளி மேல் அஞ்சலை உட்கார்ந்து தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். களைத்துப்போயிருந்தாள். துரையைக் கண்டதும் மாராப்பை இழுத்து மூடிக்கொண்டு எழுந்தாள்.

"லத்தி போட்டுருச்சுங்க!" என்றாள்.

துரை பொன்னியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அப்போது பார்த்து வாசலில் நாலு மம்பட்டிகள் வந்து நின்றன.

"குழி வெட்டியாச்சுங்க தொரை. இழுத்துப் போடலாங்களா?" என்று கேட்ட ஆள், பொன்னியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

துரை மெதுவாக என் பக்கம் திரும்பினார். அதுவரை என்னிடம் ஆங்கிலமே பேசியவர், முதல் முறையாகத் தமிழில் பேசினார்.

"நீ சொன்னான், பொன்னி செத்துப்போச்சி."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை சேர்."

"நான் கேட்டான், செத்துப்போச்சா. நீ சொன்னான், எஸ் சேர். பெறகு நீ சொன்னான், நெருப்பு வை. பெறகு நீ சொன்னான், புதுசு நட்டு வை." அவர் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. "குதிரை நட்டு வைக்கிறதா? எந்தக் காட்டில் மொளைக்குது? சொல்லு!"

நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு பேர் பாடுபட்டு வெட்டிய குழி ஒன்றும் பக்கத்திலேயே தயாராக இருந்தது.

"நீ என்னா வண்டியில் போனான்?" என்றார் துரை.

நான் குட்டியைப் பார்த்தேன். பேசியது அஞ்சலை.

"தொரையத் தேடித்தாங்க போனாரு. நாந்தான் அனுப்புனேன்."

துரை அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு மம்பட்டியை வாங்கி என் கையில் கொடுத்தார்.

"போ. குழி மூடு."

மூடினேன். மம்பட்டி பிடிப்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். அதற்குப் போட மருந்து, பெட்டிக்குள் சேறாகிக் கிடந்தது.

பொழுது சாயும்போது அஞ்சலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். நான் போன பிறகு என்ன செய்தாள் என்று கேட்டேன். ஒரு வாளி வெதுவெதுப்பான சவுக்காரத் தண்ணீரைப் பின்பக்கமாக ஏற்றியிருக்கிறாள். காத்தமுத்து அப்படிச் செய்ததை ஒரு தடவை பார்த்தது நினைவு. பிறகு கத்தி, கெஞ்சி, வாலைத் தூக்கிப் பொன்னியை எழுப்பி, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, கோப்பி காயப்போடும் களத்தைச் சுற்றிச் சுற்றி நடக்க வைத்திருக்கிறாள். எத்தனை சுற்று என்று அவளுக்கே தெரியாது.

"நீங்க குடுத்த எண்ணெயும் வேல செஞ்சிருக்குங்க," என்றாள். அது இரக்கத்தில் சொன்னது என்று எனக்கு விளங்கியது.

"நான் துரையைத் தேடிப் போகேல்லை," என்றேன்.

"தெரியுங்க. எங்க வீட்டுக்காரரு சொன்னாரு." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "தேடிப் போறவங்க பெட்டியத் தூக்கிக்கிட்டா போவாங்க?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் மறுபடியும் ஓடவும் இல்லை. கோப்பி முழுவதும் அழிந்து போகும் வரை அந்தத் தோட்டத்திலேயே இருந்தேன். விளங்காத இடத்தில் "விளங்கேல்லை சேர்" என்று சொல்லப் பழகினேன். முதல் தடவை சொன்னபோது துரை எழுந்து நின்று கை கொடுத்தார்.

நாலு வருடம் கழித்து எனக்குக் கல்யாணமாயிற்று. மனைவியை யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டத்துக்கே கூட்டி வந்தேன். முதல் பிள்ளைக்கு அவளுக்கு நோவு கண்டபோது பேறு பார்க்க வந்தவள் அஞ்சலை. நான் புது மருந்துப் பெட்டியும் குறிப்புப் புத்தகமுமாக அறை வாசலுக்கு வந்தேன். அவள் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினாள்.

"மருந்தையா, மீரான் நானா வண்டி கீழ நிக்குது. ஏறிக்கங்க. வத்தேகம வரைக்கும் போயிட்டு வாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிரும்."

உள்ளேயிருந்து, அந்த நோவுக்கு நடுவிலும், என் மனைவி சிரிப்பது கேட்டது. ஏறிப் போனேன். திரும்பி வந்தபோது மகள் பிறந்திருந்தாள்.

எங்களுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்து தடவையும் வண்டி ஏறினேன். இப்போது பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறக்கும் காலம். எங்கள் வீட்டில் எவளுக்கு நோவு கண்டாலும், வெந்நீர் வைத்தாயிற்றா என்று எவரும் கேட்பதில்லை. "அப்பாவை வண்டி ஏத்தியாச்சோ?" என்றுதான் கேட்பார்கள். மருமக்கள்மாருக்குக்கூட அது பழகிவிட்டது. இன்று காலை கடைசி மகளுக்கு நோவு தொடங்கியதும் மூத்த மருமகன் என் குடையையும் செருப்பையும் எடுத்து வாசலில் வைத்துவிட்டார்.

இதை வத்தேகமவில் ஒரு தேநீர்க் கடையின் வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது தேநீர். வீட்டிலிருந்து இன்னும் தகவல் வரவில்லை.